நோ, யூ டோன்ட், ஹனி

2006-இல் எனக்குக் கெவின் என்று பெயர். விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்தில் தாத்தாவின் நினைவாக வைத்த பெயர் அமெரிக்கர்களின் வாயில் நுழையாது என்று, தரமணியில் நான் சேர்ந்த கால் சென்டரில் முதல் நாளே புதுப்பெயர் சூட்டிவிட்டார்கள். ஓர் அமெரிக்கக் கைபேசி நிறுவனத்துக்கு வரும் அழைப்புகளை இரவு முழுக்க எடுப்பதுதான் வேலை. மாலை ஏழு மணிக்கு வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். காலையில் பால்காரரோடு சேர்ந்து வீட்டுக்குள் நுழைவேன்.

ஒரு நாள் இரவு இரண்டேகால் மணிக்கு டென்னசியிலிருந்து ஓர் அம்மாள் அழைத்தார். அவருக்கு அது பிற்பகல். கணவர் இறந்து பதினொரு நாள் ஆகிறது, அவருடைய எண்ணைத் துண்டிக்க வேண்டும் என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. இம்மாதிரி நேரத்தில் சொல்ல வேண்டியதை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கணினிக்குக் கீழே ஒட்டியே வைத்திருந்தார்கள். முதல் வரியைப் படித்தேன்: "ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் ஹவ் யூ ஃபீல், மேம்."

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, கோபமே இல்லாத குரலில், "நோ, யூ டோன்ட், ஹனி" என்றார். இல்லை கண்ணு, உனக்குத் தெரியாது.

எனக்கு இருபத்துமூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. அதுவரை நான் பார்த்த நெருங்கிய சாவு பாட்டியுடையது மட்டும்தான். அந்த அம்மாளின் மனம் எனக்குக் 'கம்ப்ளீட்லி' புரிந்துவிட்டதாம்! அடுத்த வாரம் தர ஆய்வுப் பிரிவினர் அந்த ஒலிப்பதிவைக் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். 'எம்பதி', அதாவது பிறர் உணர்வைத் தன் உணர்வாக உணர்தல், என்ற தலைப்பின் கீழ் எனக்குப் பத்துக்குப் பத்து.

அந்த அழைப்பு அதோடு முடியவில்லை. மீதியைப் பிறகு சொல்கிறேன்.

ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லும் கொச்சை மொழி மீது எனக்கு அன்றைக்குத்தான் ஒரு கிறுக்கு பிடித்தது. எங்கள் தாளில் கொச்சைக்கு இடமில்லை. பயிற்சி வகுப்பில் அதைப் பாவம் போலப் பேசினார்கள். ஆனால் மறுமுனையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. ஒரு முறை எங்கள் கணினி படுத்துக்கொண்டது. திரை வரும்வரை பேச்சுக்கொடுக்க வேண்டுமே என்று, மிச்சிகனில் இருந்த ஓர் இளைஞனிடம் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ எங்கே இருக்கிறாய், அங்கே மணி என்ன என்று கேட்டான். சொல்லக் கூடாதுதான். அதிகாலை மூன்றரை என்று சொல்லிவிட்டேன். "ஓ மேன், தட் சக்ஸ்" என்றான்.

ஆறு மாதமாக இரவில் விழித்துப் பகலில் தூங்கிக்கொண்டிருந்தேன். அதுவரை யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டில் சம்பளத்தைப் பற்றிப் பேசினார்கள், நண்பர்கள் வேனைப் பற்றிப் பேசினார்கள். முகம் தெரியாத ஒருவன், பில் தொகை தப்பு என்று சண்டை போட அழைத்தவன், இரண்டே சொல்லில் அதைச் சொல்லிவிட்டான். உண்மையாகவே இதமாக இருந்தது.

'சக்' என்றால் உறிஞ்சுவது. ஒரு விஷயம் 'சக்ஸ்' என்றால் அது படுமட்டம் என்று பொருள். முந்தைய தலைமுறை அமெரிக்கப் பெற்றோர் பிள்ளைகள் இந்தச் சொல்லைச் சொன்னால் அதட்டியிருக்கிறார்கள். அதன் பின்னால் ஆபாச வாடை இருப்பதாக அவர்களுக்குத் தோன்றியது. இப்போது பாட்டிகளே சொல்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது அதன் இலக்கணம். அந்த வாக்கியத்தில் 'நான்' இல்லை, 'நீ' இல்லை. எழுவாய் 'அது'. நிலைமையைத்தான் திட்டுகிறோம். உன் துன்பம் எனக்குப் புரிகிறது என்ற உரிமைக் கோரிக்கை இல்லை, உன்னைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்று மேலிருந்து பார்க்கும் பார்வையும் இல்லை. இரண்டு பேர் ஒரே பக்கம் நின்றுகொண்டு எதிரே இருக்கும் சனியனைப் பார்த்து ஏசுவது போன்றது அது. தமிழில் தேடினால் "சே, என்ன கண்றாவி இது!" என்பது ஏறத்தாழ வரும். நம்முடைய "ஐயோ பாவம்" வராது. அதில் எதிரே இருப்பவர் பாவப்பட்டவராகிவிடுகிறார். அதனாலேயே அதை ஒருவரின் முகத்துக்கு நேரே சொல்வதைவிட, அவர் எழுந்து போன பிறகு சொல்வதுதான் நம்மிடம் அதிகம்.

எந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது வேறு கதை. என் பக்கத்து இருக்கைக்காரர் அழைப்பவர்களிடமிருந்து 'பம்மர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். 1960-களில் போதைப்பொருள் எடுத்தவர்கள், அது தந்த கெட்ட அனுபவத்தை அப்படி அழைத்தார்கள். இன்றைக்கு மழையால் ஆட்டம் ரத்தானாலோ, டிக்கெட் தீர்ந்துபோனாலோ சொல்லலாம். நம்முடைய 'அடடா' போல. அவர் அதை, தாயாரை அடக்கம் செய்துவிட்டு வந்த ஒருவரிடம் சொல்லிவிட்டார். "பம்மர், சார்." எழவு வீட்டுக்குள் போய் 'அடடா, வட போச்சே' என்பதற்கு அது சமம். அழைத்தவர் நல்ல மனிதர். சிரித்துவிட்டாராம். நண்பர் மூன்று நாள் சிரிக்கவில்லை.

இன்னொரு தோழி "ஐ ஃபீல் யூ, சார்" என்று சொல்லப்போக, டீம் லீடர் பதறியடித்து ஓடிவந்தார். 'ஃபீல்' என்றால் தடவிப் பார்ப்பது என்றும் ஆகுமே என்பது அவர் கவலை. அவள் சொல்ல நினைத்தது 'ஐ ஃபீல் ஃபார் யூ', அதாவது உங்களுக்காக வருந்துகிறேன். நடுவில் ஒரு குட்டிச் சொல் விழுந்துவிட்டது. ஆனால் அந்தச் சொல் இல்லாத வடிவமும் தப்பில்லை. அது வேறொரு வாக்கியம், வேறொரு தெருவிலிருந்து வந்தது. கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சில் 'யூ ஃபீல் மீ?' என்றால் நான் சொல்வது உனக்குப் பிடிபடுகிறதா என்று பொருள். 'ஐ ஃபீல் யூ' என்பது அதற்கு விடை: பிடிபடுகிறது, நீ சொல்வது சரி. ஹிப்-ஹாப் பாட்டுகள் அதை 1990-களில் ஊரெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. அதில் இரக்கத்தைவிட ஆமோதிப்புதான் அதிகம். வாடகை ஏறிவிட்டது என்று ஒருவன் புலம்பும்போது, அதே தெருவில் வாடகை கொடுக்கும் இன்னொருவன் சொல்வது. ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கான சொல் அது. பங்களாக்காரர் சொன்னால் ஒட்டாது.

பங்களாவுக்குப் போக இருந்த ஒருவர் கிட்டத்தட்ட அதையே சொன்னது அமெரிக்காவில் பழமொழி போல ஆகிவிட்டது. 'ஐ ஃபீல் யுவர் பெயின்', உன் வலியை நான் உணர்கிறேன். சொன்னவர் பில் கிளிண்டன். அவரைக் கிண்டல் செய்பவர்கள் உதட்டைக் கடித்து, கண்ணைச் சுருக்கி, குழைந்து சொல்லிக் காட்டுவார்கள். நடந்தது அப்படி இல்லை. 1992 மார்ச் 26 அன்று நியூயார்க்கில், அவர் வேட்பாளராக அலைந்துகொண்டிருந்தபோது, ஒரு நிதி திரட்டும் கூட்டத்தில் பாப் ராஃப்ஸ்கி என்ற எய்ட்ஸ் உரிமைப் போராளி அவரைக் குறுக்கிட்டுக் கேள்வி கேட்டார். ராஃப்ஸ்கிக்கே எய்ட்ஸ். நாங்கள் நோயால் சாவதைவிட அரசின் பதினொரு ஆண்டு அலட்சியத்தால்தான் சாகிறோம் என்றார். வார்த்தை தடித்தது. கிளிண்டன் சூடாகி, விரலை நீட்டி, உன் வலியை உணர்கிறேன், உன் வலியை உணர்கிறேன் என்று இரண்டு முறை சொன்னார். ஆறுதலாகச் சொன்னதில்லை, வாயை அடைக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், கிளிண்டன் பதவியேற்று ஒரு மாதம் ஆகும்போது, ராஃப்ஸ்கி இறந்துபோனார். ஒரு வாக்கியத்தை அது பிறந்த இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் நிறம் தெரிகிறது.

சில ஆண்டுகள் கழித்து இரவு வேலையை விட்டு, ஒஹையோவில் இருந்த ஒரு குழுவோடு பகல் வேலைக்கு மாறினேன். (பகல் என்றால் இரவு பத்து வரை.) அங்கே கற்றுக்கொண்டது 'ஐ ஹியர் யூ'. ஆள் போதவில்லை, மாதத்துக்கு மூன்று ஞாயிறு போய்விடுகிறது என்று நான் மேலாளரிடம் முறையிடுவேன். "ஐ ஹியர் யூ" என்பார். முதல் தடவை எனக்கு மனம் நிறைந்துவிட்டது. காதில் வாங்கிக்கொண்டாரே! நாலாவது தடவைதான் உறைத்தது: காதில் வாங்கினார், அவ்வளவுதான். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு 'பட்' வாலாட்டிக்கொண்டு நிற்கும். தாலுகா அலுவலகத்தில் 'உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்பார்களே, அதன் குளிரூட்டப்பட்ட வடிவம் இது.

அவரே நல்ல மனிதர் என்பதையும் சொல்லியாக வேண்டும். என் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்றபோது, ஒரே ஒரு வரி அனுப்பினார்: "பீன் தேர்." அந்த வழியில் நானும் போயிருக்கிறேன். அவருடைய அப்பாவுக்கு நடந்ததை நான் கேட்கும்வரை அவராகச் சொல்லவில்லை. அதுதான் விஷயம். அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ல்ஸ் டெர்பர் 1979-இல் உரையாடல்களை ஆராய்ந்து, மறுமொழிகளை இரண்டாகப் பிரித்தார்: பேசுபவர் மேலேயே கவனத்தை வைத்திருப்பவை, கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்பவை. 'பீன் தேர்' இரண்டு பக்கமும் சாயும். அதோடு நிறுத்தினால் தோளில் கை. 'எனக்கும் அப்படித்தான் 2003-இல்' என்று ஆரம்பித்தால், ஆஸ்பத்திரி வராந்தாவில் நம் பையைப் பிடுங்கிக்கொண்டு தன் எக்ஸ்ரேயை நீட்டும் ஆசாமி. 'பீன் தேர், டன் தட்' என்று வால் சேர்த்தாலோ ஆறுதலே போய், 'இதெல்லாம் எனக்குப் பழசு' என்ற அலுப்பாகிவிடுகிறது.

ஆறுதல் வேடம் போட்ட ஏச்சுகளும் உண்டு. 'டஃப் லக்' என்பதை அகராதி 'துரதிர்ஷ்டம்' என்று சொல்லும். வாழ்க்கையில் அது பெரும்பாலும் 'அதற்கு நான் என்ன செய்ய' என்றுதான் ஒலிக்கிறது. பிரிட்டனில் பழைய ஆட்கள் 'ஹார்ட் சீஸ்' என்பார்கள். கெட்டியான பாலாடைக்கட்டிக்கும் கெட்ட காலத்துக்கும் என்ன உறவோ! அதிலும் பாதி கேலி. அமெரிக்கத் தெற்கில் 'பிளெஸ் யுவர் ஹார்ட்' இருக்கிறது. உன் நெஞ்சை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரி காய்ச்சலில் கிடக்கும்போது சூப்பு கொண்டுபோய்க் கொடுத்துச் சொல்வதும் இதுதான். மரமண்டையாக ஏதாவது உளறிய ஒருவரிடம், 'உன் அறிவு அவ்வளவுதான்' என்பதைத் தேன் தடவிச் சொல்வதும் இதுதான். சொற்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. குரலும் புருவமும்தான் பொருளைத் தருகின்றன. தொலைபேசியில் புருவம் தெரியாது.

'சாரி' பற்றித் தனியாகவே எழுதலாம். ஆங்கிலத்தில் வருத்தத்துக்கும் மன்னிப்புக்கும் அந்த ஒரே சொல்தான். 'ஐ ஆம் சாரி' என்றால் உனக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன் என்றும் ஆகும், தப்பு என் மேல்தான் என்றும் ஆகும். எங்கள் தாளில் 'சிரமத்துக்கு சாரி' உண்டு. 'எங்கள் தவறுக்கு சாரி' கிடையவே கிடையாது. கருமித்தனம் என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது, இந்த இரட்டைப் பொருளைப் பிரித்துவைக்க அந்த நாட்டில் சட்டமே போட வேண்டியிருந்தது என்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் மகள் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்தாள். ஓட்டியவர் கடைசிவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. சொன்னால் வழக்கில் அதுவே ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும் என்ற பயம். 1986-இல் அந்த மாநிலம், விபத்தில் அடிபட்டவரிடமோ குடும்பத்தாரிடமோ காட்டிய பரிவைத் தவறை ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்று சட்டம் இயற்றியது. பிறகு பல மாநிலங்கள் பின்பற்றின. வருந்துவதற்குச் சட்டப் பாதுகாப்பு! சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் அந்தத் தகப்பன் எதிர்பார்த்தது ஒரு வார்த்தைதான் என்பதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

இப்போதைய பிள்ளைகள் வேறு கிரகம். போன மாதம் தென்காசிக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸை எழும்பூரில் ஒன்றரை நிமிடத்தில் தவறவிட்டேன். குடும்பக் குழுவில் அதைப் பதிந்தேன். மனைவி திட்டினாள். தங்கை அடுத்த பஸ்ஸின் நேரம் அனுப்பினாள். கல்லூரியில் படிக்கும் மகள் ஒரே ஒரு எழுத்தை அனுப்பினாள்: 'எஃப்'. தேர்வில் தோற்றவனுக்குப் போடும் மதிப்பெண் என்று நினைத்துக் கோபம் வந்தது. கேட்டால், "அப்பா, அது அஞ்சலி" என்றாள்.

உண்மைதான். 2014-இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: அட்வான்ஸ்டு வார்ஃபேர்' என்ற கணினி விளையாட்டில் ஒரு ராணுவ வீரனின் இறுதிச் சடங்கு வருகிறது. சவப்பெட்டியின் முன் நாம் நிற்கும்போது, அஞ்சலி செலுத்த 'எஃப்' விசையை அழுத்தவும் என்று திரையில் எழுத்து தோன்றும். துக்கத்தைப் பொத்தானாக்கிவிட்டார்களே என்று விளையாடுபவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கேலியாகத் தட்டத் தொடங்கிய எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகப் பாதி கேலியும் பாதி நிஜமுமாக நின்றுவிட்டது. ரயில் போனால் எஃப், கைபேசி தண்ணீரில் விழுந்தால் எஃப். 'ஊஃப்' என்பதும் அப்படித்தான். வயிற்றில் குத்து வாங்கியவனின் முனகல். ரோப்லாக்ஸ் விளையாட்டில் பாத்திரம் செத்தால் அந்தச் சத்தம் வரும். 2022-இல் அதை நீக்கினார்கள், பிள்ளைகள் அதற்கும் 'ஊஃப்' போட்டார்கள். எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. சொல்லே ஆகாத ஒலி அது. நம் ஊர்க் கிழவிகள் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து 'த்சு த்சு' என்பார்களே, அந்தச் சாதி.

இத்தனைக்கும் தலைப்பாக இருக்கும் 'எம்பதி' என்ற சொல், நான் நினைத்தது போலக் கிரேக்கத்திலிருந்து வழிவழியாக வந்த கிழம் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் எட்வர்ட் டிட்ச்னர் 1909-இல் 'ஐன்ஃப்யூலுங்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு ஈடாகச் செய்த சொல். அந்த ஜெர்மன் சொல்லோ முதலில் கலையைப் பற்றியது. 1873-இல் ராபர்ட் ஃபிஷர் அதைப் பயன்படுத்தியபோது, பார்ப்பவர் தன் உணர்வை ஒரு வடிவத்துக்குள் செலுத்துவதைத்தான் குறித்தார். தியடோர் லிப்ஸ் அதை வளர்த்தெடுத்தார். தூணைப் பார்க்கும்போது அது நிமிர்ந்து எழுவது போல நம் உடம்பிலேயே ஒரு நிமிர்வு தோன்றுகிறதல்லவா, அதுதான். கல்லுக்குள் புகுவதற்கு வந்த சொல் பிறகு மனிதருக்குள் புக ஆரம்பித்து, கடைசியில் தரமணியில் பத்து மதிப்பெண் கட்டமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

டென்னசி அம்மாளுக்கு வருகிறேன்.

"நோ, யூ டோன்ட், ஹனி" என்ற பிறகு நான் தாளைப் பார்க்கவில்லை. "இல்லை மேம், எனக்குத் தெரியாது" என்றேன். கணக்கு எண்ணைக் கேட்டேன், சொன்னார். எண்ணை இன்றே நிறுத்தட்டுமா என்றேன். அப்போதுதான் தயங்கினார். யாராவது அந்த எண்ணுக்கு அழைத்து, எடுக்காவிட்டால், கணவர் முன்பே பதிந்துவைத்த குரல் கேட்கிறதே, எண்ணை நிறுத்தினால் அதுவும் போய்விடுமா என்று கேட்டார்.

போய்விடும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தொடர்ந்து ஏழு விநாடிக்கு மேல் மௌனம் கூடாது என்பது எங்கள் விதி. திரையின் ஓரத்தில் விநாடிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கணக்கைத் திறந்து பார்த்தேன். அந்த மாதத்துக் கட்டணம் முன்பே கட்டியாகிவிட்டது. சுற்று முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. துண்டிக்கும் தேதியை அந்தக் கடைசி நாளுக்கு மாற்றிப் போட்டேன். வீட்டில் ஒலிநாடா பதிவுக் கருவி இருக்கிறதா என்று கேட்டேன். மகனிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருவான் என்றார். வீட்டுத் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, அந்த எண்ணை அழைத்து, எடுக்காமல் விட்டு, கருவியைப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். கைபேசியை அணைத்து வைத்திருந்தால் மணி அடிக்காமல் நேரே அவர் குரல் வரும் என்றேன். எழுதிக்கொள்கிறேன் என்றார். ஒவ்வொரு படியாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்று முறை சொன்னேன். பின்னணியில் பென்சில் உரசுவது கேட்டது.

"வெல், பிளெஸ் யுவர் ஹார்ட், கெவின்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அழைப்பின் நீளம் பதினான்கு நிமிடம். அனுமதி ஆறு. அதே மதிப்பெண் தாளில், எம்பதிக்கு இரண்டு வரி கீழே, 'நேர மேலாண்மை' என்ற கட்டத்தில் எனக்குப் பத்துக்கு இரண்டு.